குளிகையில் தொடங்கிய படிப்பு

பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் விருதுநகர்ப் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பையன் அட்டவணை போட உட்காருவான். இவனை அந்த ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அட்டவணைக்கு ஸ்கேல் வேண்டும், நாலு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா வேண்டும், சார்ட் தாள் வேண்டும். பக்கத்தில் சிவகாசி இருப்பது இந்த விஷயத்தில் பெரிய கேடு. நோட்டு, லேபிள், காலண்டர் என்று தாளில் எதையெல்லாம் அச்சடிக்க முடியுமோ அதையெல்லாம் அச்சடிக்கும் ஊர் அது. அச்சாபீசிலோ நோட்டுக் கம்பெனியிலோ சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார். "புள்ள பத்தாப்பு படிக்கான்" என்று அவர் காதில் விழுந்தால் போதும், ஒரு கட்டு நோட்டு வீட்டுக்கு வந்துவிடும். அதற்கு அட்டை போட ஒரு நாள். லேபிளில் பெயர் எழுத இன்னொரு நாள். அட்டவணையின் முதல் கட்டத்தில் 'காலை 4.00: எழுந்திருத்தல்' என்று சிவப்பில் இருக்கும். கணக்குக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை. பச்சை தீர்ந்துவிட்டதால் சமூக அறிவியலைத் தள்ளிவைத்திருப்பான்.

அடுத்து நாள் பார்க்க வேண்டும். சிவகாசித் தினசரிக் காலண்டரில் தேதி பெரிதாகவும் மற்றதெல்லாம் பொடியாகவும் இருக்கும். அப்பத்தா கண்ணாடி இல்லாமல் படிப்பது அந்தப் பொடி எழுத்தை மட்டும்தான். திங்கட்கிழமை தொடங்கலாம் என்றால் 7.30 முதல் 9 வரை ராகு காலம். 10.30 முதல் 12 வரை எமகண்டம். இடையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் இட்லி சாப்பிட வேண்டும். 1.30 முதல் 3 வரை குளிகை. குளிகையில் தொடங்கிய காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை; அதனால்தான் அந்த நேரத்தில் நகை வாங்குவார்கள், கடன் வாங்க மாட்டார்கள். படிப்புக்கு இதைவிட நல்ல நேரம் ஏது? பையன் சரியாக 1.30க்குப் புத்தகத்தைப் பிரித்தான், 1.40க்குத் தூங்கிவிட்டான். அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு அந்தக் காரியம் தவறாமல் நடக்கிறது.

தேர்வுத் துறைக்கு இந்தக் கவலையே கிடையாது. 2025இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28, வெள்ளிக்கிழமை, தமிழோடு தொடங்கியது. பத்து மணிக்கு வினாத்தாள். அதைப் படிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15க்கு எழுத ஆரம்பிக்க வேண்டும். (தயாராவதற்கென்று வெறும் கால் மணி நேரம் ஒதுக்கிய அட்டவணை அரசாங்கம் போட்டது ஒன்றுதான்.) வெள்ளிக்கிழமை 10.30க்கு ராகு காலம் பிறந்துவிடும். ஏப்ரல் 2, புதன்கிழமை ஆங்கிலம். பன்னிரண்டு மணிக்கு ராகு. ஏப்ரல் 7, திங்கள், கணக்கு. பாதித் தேர்வு எமகண்டத்தில். ஏப்ரல் 11 அறிவியல், மறுபடியும் வெள்ளி. ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை வந்த சமூக அறிவியல்கூட எமகண்டத்தின் கடைசிக் கால் மணியைத் தொட்டுவிட்டுத்தான் போனது. ஐந்துக்கு ஐந்தும் பழுது. மே 16 அன்று முடிவு வந்தபோது விருதுநகர் மாவட்டத்தின் தேர்ச்சி 97.45 சதவீதம், மாநிலத்தில் சிவகங்கைக்கு அடுத்த இடம். 2023 பிளஸ் டூவில் 97.85 சதவீதத்தோடு முதலிடம். ராகுவின் எல்லை மதுரையோடு முடிந்துவிடுகிறது போலும்.

கிரிக்கெட்டின் எல்லை முடிவதில்லை. தமிழ்த் தேர்வு எழுதிவிட்டு வந்த அதே இரவு சேப்பாக்கத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம். ஆங்கிலத்துக்கு முழுசாக நாலு நாள் இருக்கிறது, ஒரே ஒரு ஓவர் பார்த்தால் என்ன? 2008க்குப் பிறகு முதன்முறையாகப் பெங்களூரு அந்த மைதானத்தில் சென்னையை வென்றது, அதுவும் 50 ரன் வித்தியாசத்தில். இந்தத் துக்கத்துக்கு அட்டவணையில் கட்டம் இல்லை. புதிதாக ஒரு கட்டம் போட வேண்டியதாயிற்று.

போனைப் பீரோவில் வைத்துப் பூட்டலாம், டிவி கேபிளைப் பிடுங்கலாம். பராசக்தி மாரியம்மனை என்ன செய்வது? விருதுநகரின் பங்குனிப் பொங்கல் தேர்வுக் காலத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அக்னிச்சட்டி, கயிறு குத்து, பொருட்காட்சி ராட்டினம், வெளியூரிலிருந்து வந்திறங்கும் அத்தை பிள்ளைகள். தெருமுனைக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியவர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பிப்பது, பையன் முக்கோணவியலைத் தொட்ட நிமிடமாகத்தான் இருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அட்டவணைப்படி 4 மணிக்கு எழுந்தால் இரண்டு மணி நேரம் முழு அமைதி கிடைக்கும். அதை இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தென்கொரியாவில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வன்று, ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையெழுதும் 35 நிமிடமும் விமானம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இதை அப்பத்தாவிடம் சொன்னால், "அங்கன பங்குனிப் பொங்கல் உண்டா?" என்று கேட்பாள்.

படிப்பைக் கெடுத்தது எது என்று சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் முந்தின தலைமுறையைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். விடியுமுன் தீப்பெட்டி ஆலை வண்டி ஊருக்குள் வரும். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறி, இருட்டிய பிறகு இறங்குவார்கள். பலகை பிடிக்க வேண்டிய வயதில் கட்டை அடுக்கினார்கள், சட்டத்தில் குச்சி குச்சியாக. எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இப்படி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும்.

பையனின் அப்பா அந்த வண்டியில் ஏறியவர். மைக் செட், ராகு காலம், சென்னை தோற்ற துக்கம், எதுவும் அவரிடம் எடுபடவில்லை. கடைசியில் பையன் காமராசரை இழுத்தான். 1889இல் தொடங்கி, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து ஊரார் வளர்த்த சத்திரிய வித்யாசாலாவில்தான் காமராசர் படித்தார்; ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் துணிக்கடைக்குப் போனார். கடையிலும் உட்கார்ந்தபாடில்லை, பொதுக்கூட்டம் கேட்க ஓடினார். 1954இல் முதலமைச்சர். "அவரு எத்தனாப்புப்பா படிச்சாரு?"

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. "அவரு நின்னுட்டாரு. அதான் ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடத்தத் தொறந்து சோறும் போட்டாரு. நீ சோத்தையும் தின்னுட்டு நிக்கப் பாக்க. போய் உக்காருல."

உட்கார்ந்தான். நோட்டைப் பிரித்தான். இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது. ரீஃபில் வாங்கக் கடைத்தெரு வரைக்கும் போக வேண்டும். போகிற வழியில்தான் எண்ணெய்ப் புரோட்டாக் கடை.