எழுவாய் இல்லாத தூக்கம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். லண்டனிலிருந்த மேலாளர் கேட்ட அறிக்கையை முடித்துவிட்டு நான் படுக்கும்போது இரவு மணி இரண்டு. இந்தத் தியாகத்தை அவர் காதில் போட்டுவைக்க வேண்டாமா? மறுநாள் போன் கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக, "ஐ ஸ்லெப்ட் லேட்" என்றேன். "லக்கி யூ!" என்றார் அவர். கொஞ்சம் இடித்தாலும், பாராட்டு பாராட்டுதானே என்று "தேங்க் யூ" சொல்லிவைத்தேன்.

நம் ஊர் ஆங்கிலத்தில் 'ஸ்லெப்ட் லேட்' என்றால் தாமதமாகப் படுத்தேன் என்று அர்த்தம். அவர்கள் ஊரில் தாமதமாக எழுந்தேன் என்று அர்த்தம். நம் அர்த்தம் வர வேண்டுமென்றால் 'வென்ட் டு பெட் லேட்' என்று கட்டிலையும் துணைக்குக் கூப்பிட வேண்டும். இது எனக்குத் தெரியவர ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதுவரை வாரம் ஒருமுறையாவது, கண்விழித்து உழைத்த பெருமையோடு, நான் ஒரு சோம்பேறி என்று அவருக்கு அறிவித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் நிஜமாகவே தூங்கிப்போய்க் கூட்டத்தைத் தவறவிட்டேன். 'லேட்'டில் பட்ட சூடு ஆறவில்லை. அதனால் யோசித்து, 'சாரி, ஐ ஸ்லெப்ட் இன்' என்று செய்தி அனுப்பினேன். வீட்டுக்குள்தானே தூங்கினேன், 'இன்' சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் 'ஸ்லீப் இன்' என்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைச் சங்கதி. எழ வேண்டிய அவசியம் இல்லாமல் ஆசைதீரத் தூங்குவது. தவறித் தூங்கிவிட்டால் 'ஓவர்ஸ்லெப்ட்' என்று சொல்ல வேண்டும். ஆக, நான் அனுப்பிய மன்னிப்பின் சாரம்: 'மன்னிக்கவும், இன்று சுகமாகத் தூங்கினேன்.'

தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. 'தூங்கினேன்' என்றால் தூங்கினேன், அவ்வளவுதான். 'தூங்கிட்டேன்' என்றால் கதையே வேறு. தவறு நடந்துவிட்டது, வருத்தமாக இருக்கிறது, அதற்குமேல் கேட்காதீர்கள் என்ற மூன்றையும் அந்த 'ட்டேன்' சுமந்துகொள்கிறது. 'விடு' என்ற துணைவினை செய்கிற உபகாரம். பள்ளியிலிருந்து இன்றுவரை என்னைக் காப்பாற்றிவந்த ஒரே வக்கீல் அதுதான்.

'இன்'னை விட்டேன், 'ஓவர்' பிடித்துக்கொண்டது. வாடிக்கையாளர் ஒருவர் உடனே முடிவு கேட்டார். ஒரு ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கு 'ஸ்லீப் ஆன் இட்' என்று ஒரு தொடர் உண்டு. நான் 'ஐ வில் ஸ்லீப் ஓவர்' என்றேன். ஸ்லீப் ஓவர் என்றால் அடுத்தவர் வீட்டில் இரவு தங்குவது. "யார் வீட்டில்?" என்று அவர் அக்கறையாக விசாரித்தார். இத்தனைக்கும் 'வினைசெயல்வகை' அதிகாரத்தில் வள்ளுவர் தாமதித்தல் என்ற பொருளில் 'தூங்கு' என்ற சொல்லை ஆண்டு, ஆறப்போட்டுச் செய்ய வேண்டிய காரியமும் உண்டு என்று சொல்லியிருக்கிறார். மனப்பாடப் பகுதியில் நான் அதையும் தூங்கிக் கடந்திருப்பேன்.

நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் இந்த 'ஸ்லீப் ஓவர்' இன்னொரு வேலையும் செய்கிறது. மனுமேல் அதிகாரிகள் தூங்குகிறார்கள் என்று எழுதுவார்கள். தமிழில் பாருங்கள், கோப்புதான் தூங்கும். அதிகாரி தூங்கவே மாட்டார்.

தூக்கத்தில் நான் செய்த பெரிய சாதனை ரயிலில். மதுரையில் இறங்க வேண்டியவன் நெல்லை போகும் வண்டியில் நடு பெர்த்தில் படுத்தேன். விடிகாலையில் யாரோ தோளைத் தட்டினார்கள். "தம்பி, நீங்க மதுரைனுதானே சொன்னீங்க? இது விருதுநகர்." எதிர் பெர்த் பெரியவர். இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்லெப்ட் த்ரூ' என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு தொடர் இருக்கிறது. இடி, அலாரம், ஊர் எதுவானாலும் அதன் ஊடாகத் தூங்கிக் கடப்பது. தூங்கா நகரம் என்று பெயரெடுத்த ஊரை அப்படிக் கடந்தவன் நான். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டைக்கும் ஆங்கிலத்தில் 'ஸ்லீப்பர்'தான். மேலே எத்தனை வண்டி போனாலும் அசையாது. டிக்கெட்டில் ஸ்லீப்பர் என்று போட்டிருந்தது. எந்த ஸ்லீப்பர் என்று நான்தான் கவனிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், என் சிக்கல் லேட்டிலும் இன்னிலும் இல்லை. ஆங்கிலத்தில் 'ஐ' என்று நம்மை முன்னால் நிறுத்தினால்தான் வாக்கியம் நகர்கிறது. தமிழில் 'எனக்குத் தூக்கம் வந்தது' என்போம். வந்தது தூக்கம். நான் வெறுமனே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆள். விருந்தாளி வந்தால் கதவைச் சாத்த முடியுமா?

போன வாரம் மகளின் பள்ளிப் பேருந்து போய்விட்டது. "அலாரம் அடிக்கல" என்றேன், வழக்கம்போல என்னை விட்டுவிட்டு.

"அடிச்சுதுப்பா, நாலு தடவை. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் ஸ்னூஸ் அமுக்குனீங்க."

என் போனில் ஒரு ஸ்னூஸ் 9 நிமிடம். நாலுக்கு 36. கணக்கு சரியாக இருந்தது. இலக்கணமும் சரியாக இருந்தது. இத்தனை வருடம் நான் ஒளித்துவைத்திருந்த எழுவாயை 'நீங்கதான்' என்று இழுத்துக்கொண்டுவந்து நடுவீட்டில் நிறுத்திவிட்டாள்.

எட்டாம் வகுப்பில் மதிய உணவுக்கு அடுத்த பாடவேளை தமிழ். கடைசி பெஞ்சில் எனக்கு விருந்தாளி வந்திருந்தார். கரும்பலகையைத் தட்டி, "எழுவாய்!" என்றார் தமிழ் ஐயா. வாக்கியத்தில் அது எது என்று கேட்டிருக்கிறார். என்னைத்தான் சொல்கிறார் என்று நான் எழுந்து நின்றேன். வகுப்பே சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "சரிதான், உட்கார்" என்றார்.