கடல் படிப்பு, கரைப் பேச்சு

கடலியல் படிக்கும் மாணவருக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு? மீன் கைதட்டப் போகிறதா?

மீன் கைதட்டாது, வரியும் கட்டாது. ஆய்வுக் கப்பலுக்கு டீசல் போடுகிறவர் கரையில்தான் இருக்கிறார்.

அதற்கென்று ஒரு பாடமா?

உண்டு. அமெரிக்காவில் பெர்க்லியின் லாரன்ஸ் அறிவியல் கூடம் உருவாக்கிய பாடத்தில், பல்கலைக்கழக மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். சரியான தண்டனை! பேராசிரியர் கொட்டாவியை மறைப்பார், பிள்ளைகள் மறைப்பதில்லை.

நீரோட்டத்தை எப்படிச் சுவையாகச் சொல்வது?

வாத்தை விடுங்கள். 1992-இல் பசிபிக்கில் ஒரு கப்பலிலிருந்து 28,800 குளியல் பொம்மைகள் கடலில் கொட்டின. மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், பச்சைத் தவளை, நீல ஆமை. அவை அலாஸ்காவில் ஒதுங்க ஒதுங்க, கர்ட்டிஸ் எபஸ்மேயர் என்ற கடலியலாளர் இடத்தையும் தேதியையும் குறித்துவைத்து நீரோட்டக் கணக்கைச் சரிபார்த்தார். மிதவைச் செலவு மிச்சம்.

கடல்நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். 8.2-லிருந்து 8.1 ஆனதற்கா இத்தனை கூச்சல்?

உங்கள் சம்பளத்தில் 0.1 குறைந்தால் சும்மா இருக்கலாம். இது மடக்கை அளவு, 0.1 இறங்கினாலே ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிடும். சிப்பிக்கு ஓடு கட்டுவது சிரமமாகும். 8.1 என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரும் மாணவருக்கு நான் பாதி மார்க்தான் போடுவேன்.

அழகாக எழுதினால் அறிவியல் கெட்டுவிடாதா?

கடலைப் பற்றி எழுதிய ரேச்சல் கார்சனின் மேலதிகாரியைக் கேளுங்கள். அரசாங்கச் சிற்றேட்டுக்குக் கார்சன் எழுதித் தந்ததை, அதற்கு இது மிகையான அழகு, பத்திரிகைக்கு அனுப்புங்கள் என்று திருப்பித் தந்தார். 1937-இல் 'அட்லாண்டிக்' அதை வெளியிட்டது.

அந்தச் சிற்றேடு என்ன ஆயிற்று?

யாருக்கு ஞாபகம்?