கேமுக்கும் பச்சைப் பட்டினி

மாசிக் கடைசி ஞாயிறு, சமயபுரத்தில் பூச்சொரிதல். அன்று தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மன் பச்சைப் பட்டினி விரதம் இருப்பாள். ஊரே பூத்தட்டோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான், அப்பாவின் அம்பாசிடர் மார்க் 2 எஞ்சினை நான் வாசலில் இறக்கினேன்.

"நல்ல நாள் பாத்துத்தான் பிரிக்கிறீங்க" என்றாள் மனைவி. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிரிப்பதில் எனக்குக் கைராசி உண்டு. எங்கள் வீட்டு மிக்ஸியைக் கேட்டால் சொல்லும். பூட்டும்போதுதான் கிரகம் மாறிவிடும். இந்த முறை மாறிய இடம் கேம் புஷ்.

அந்த 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்தது. கேம் என்று சுருக்கிச் சொல்கிற கேம்ஷாஃப்ட், எஞ்சின் பிளாக்கின் வயிற்றுக்குள் படுத்திருக்கும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்று. தாங்குவதற்கு மூன்று புஷ். வெளியே எஃகு, உள்ளே வெள்ளை உலோகம். முறைத்துப் பார்த்தாலே கோடு விழுகிற மாதிரி மெத்தென்று இருக்கும். மூன்றும் ஒரே அளவில்லை. கேம் முன்பக்கமாக நுழைவதால் முன் புஷ் பெரிது, நடுவில் இருப்பது சிறிது, பின்னது அதைவிடச் சிறிது. பெரியதைப் பின்னால் திணிக்க அரைமணி நேரம் போராடிய பிறகே எனக்கு இந்த ஞானம் வந்தது.

நீள போல்ட்டும் வாஷரும் வைத்து, நட்டைத் திருகித் திருகி மெல்ல இழுத்து உட்கார வைக்கவேண்டுமாம். நான் பூரிக்கட்டையும் சுத்தியலும் வைத்து உட்கார வைத்தேன். உள்ளே மனைவி பூரிக்கட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். "எனக்கென்ன தெரியும்?" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே அடித்தேன்.

திருச்சி பாலக்கரை லேத் பட்டறைக்காரர், நான் கொண்டுபோன பிளாக்கை வாங்கியதும் ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியை எண்ணெய் ஓட்டைக்குள் விட்டார். முன்னால் போயிற்று. பின்னால் போயிற்று. நடுவில் முட்டியது.

"ஓட்டைக்கு ஓட்டை சேரலையே சார். இப்படியே ஓட்டுனா நடு புஷ்ஷுக்குச் சொட்டு எண்ணெய் போகாது."

அம்மனுக்காவது அந்த 28 நாளும் இளநீர், பானகம், துள்ளு மாவு உண்டு. என் கேமுக்கு அதுகூட வைக்கவில்லை நான்.

"சரி, ரீமர் விட்டீங்களா?"

"எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. வீட்டில்தான் இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் அதிகம் சுட்டது. ரீமரால் மூன்று புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில் சீவவேண்டும். கேமுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளிதான் இருக்கலாம் என்று விளக்கினார். பூரிக்கட்டையில் அந்த அளவுக் குறி கிடையாது. நடு புஷ்ஷைப் பிடுங்கி, வேறு போட்டு, கம்பி விட்டுப் பார்த்து, ரீமர் ஓட்டிக் கொடுத்தார்.

பங்குனிக் கடைசியில் அம்மன் விரதம் முடித்தாள். என் கேம், சித்திரைத் தேர் கழிந்த மறுவாரம்தான் முடித்தது. வண்டியைக் கோயில் வாசலுக்கு ஓட்டிப்போய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன்.

பிடுங்கிப்போட்ட புஷ் இப்போது பூஜையறையில் இருக்கிறது. அதன்மேல் மனைவி ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்திருக்கிறாள்.

"பாருங்க, அடிக்காமலேயே எவ்வளவு கச்சிதமா உட்காந்துடுச்சு" என்றாள்.