தொட்டா ஒட்டிக்குமா?

கேள்வி: என் 6 வயது மகளுக்குக் கன்னத்திலும் கண்ணோரத்திலும் வெண்புள்ளிகள். சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போனால் தெருப் பிள்ளைகள் "தொட்டா ஒட்டிக்குமா?" என்கிறார்கள். போகவே தயக்கமாக இருக்கிறது.
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: போங்கள் அம்மா, கட்டாயம் போங்கள். மெட்ராஸ் ஐ ஒட்டும், தட்டம்மை ஒட்டும், சிரிப்புகூட ஒட்டும். வெண்புள்ளி ஒட்டவே ஒட்டாது. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது அது. மீன் தின்று பால் குடித்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உண்மையென்றால் கடலூர் துறைமுகத்தில் பாதிப் பேருக்கு வந்திருக்குமே!

கேட்கிற பிள்ளையை அதட்ட வேண்டாம். தெரியாததைத்தானே கேட்கிறது? மகளுக்கு ஒரு பதிலைப் பழக்குங்கள்: "இது வெண்புள்ளி. வலிக்காது, ஒட்டாது. வா, பாண்டி ஆடலாம்." அந்தக் கடைசி மூன்று சொற்கள்தான் வேலை செய்யும். பிள்ளைகளின் கவனம் கன்னத்திலிருந்து கட்டத்துக்குத் தாவிவிடும். அவளுக்குப் பேசப் பிடிக்காத நாளில் நீங்கள் சொல்லுங்கள், அவள் எதிரிலேயே, சாதாரணக் குரலில். குசுகுசுத்தால் மறைக்க வேண்டிய விஷயம் என்று அவளே நினைத்துக்கொள்வாள்.

பள்ளியில் யாராவது வேண்டுமென்றே, திரும்பத் திரும்பக் கேலி செய்தால் அது வேறு. உடனே வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். அன்று வகுப்பில் இதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், சிகிச்சை உண்டு. சில்வர் பீச்சுக்கும் தாராளமாகக் கூட்டிப்போங்கள். வெண்திட்டு வெயிலில் சீக்கிரம் கன்றும் என்பதால் தொப்பி மட்டும் மறக்க வேண்டாம்.