என் நெஞ்சு, மச்சினர் நிர்வாகம்

மதுரையில் மனுஷனுக்கு வருகிற நெஞ்சுவலி எதுவானாலும் முதல் அரை மணி நேரத்துக்கு அது வாயுதான். வாயுப்பிடிப்பு, வாயுக்குத்து, வாயு ஏறிக்கிச்சு, வாயு இறங்கலை என்று அதில் உட்பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியம், தனி நிபுணர். எனக்கு வலி வந்த அன்று நிபுணர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். என் மனைவியின் அண்ணன். அடுத்த தெருதான், ஆனால் காபி எங்கள் வீட்டில். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கம்பத்தில் ஏறியவர் என்பதால் எதையும் மேலேயிருந்து பார்த்தே பழகிவிட்டார்.

இட்லி முடித்துப் பேப்பரை விரித்தபோது நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்த மாதிரி ஓர் அழுத்தம். இடது தோளிலும் தாடையிலும் கனம். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, பனியன் தொப்பலாக நனைந்தது.

"வாயு, மாப்ள" என்றார் மச்சினர், நான் வாயைத் திறப்பதற்குள். "நேத்து ராத்திரி மொச்சைக் குழம்பு. நான் அப்பவே நினைச்சேன்." ஓமத்தண்ணி, பெருங்காய மோர், கோலி சோடா என்று வரிசையாக உத்தரவு பறந்தது. எழுந்து நாலு நடை நடக்கவும் சொன்னார்.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். 108-க்கு போன் போட்டாள்.

"108 வேணாம்மா, தெருவே கூடிரும். ஆட்டோல போவோம்" என்றார் அண்ணன்.

"கூடட்டும். அந்த சோடாவ நீங்க குடிங்கண்ணே."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான். அந்த வலியிலும் காதுக்கு இதமாக இருந்தது. அவர் சொன்னபடியே தெரு கூடியது. ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது கூட்டத்தில் யாரோ ஒருவர், "வாயுவாத்தான் இருக்கும் சார், பயப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சிலும் கைகாலிலும் ஒயரை ஒட்டி இசிஜி எடுத்தார்கள். முதல் இசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மச்சினர் முகத்தில் வெளிச்சம். "கரண்ட் சமாச்சாரம்தான், நமக்குத் தெரியாதா" என்று அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் ஆராய்ந்தார். நர்ஸ் வந்து, தலைகீழாக இருந்த தாளை நேராகத் திருப்பிக் கொடுத்தார்.

டாக்டர் என் மகள் வயசுப் பெண். இசிஜி நன்றாக இருப்பதை மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார். இதயத் தசை சேதப்பட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியுமாம். அதைச் சில மணி நேரம் இடைவெளி விட்டுத் திரும்பவும் அளக்க வேண்டுமாம். அளந்தார்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிட நன்றாக ஏறியிருந்தது. வங்கியில் கேஷியராக இருந்தவன் நான். எண் ஏறினால் கவலைப்பட வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மைல்ட் அட்டாக்" என்றார் டாக்டர். கையில் ஒரு குத்து மாத்திரை வந்து விழுந்தது. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த முதல் டோஸைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8, ஆக மொத்தம் 14 மாத்திரை. அதை விழுங்க வைத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கோலி சோடா அந்தப் பட்டியலில் இல்லை.

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம். மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போக ஊசி மட்டும்தான். என் இதயம் பக்கத்து டிவியில் ஓடியது. ஒரு குழாயில் முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு. அங்கேயே பலூனை விட்டு விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். சினிமா தியேட்டரில் இடைவேளை விடும் நேரம்கூட ஆனதாக எனக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் மச்சினர் கேட்டது: "எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?" முகம் விழுந்துவிட்டது. அவருடைய சம்பந்திக்கு மூன்று.

டிஸ்சார்ஜ் அன்று அச்சடித்த அறிவுரைத் தாளை அவரே வாங்கி, வார்டுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். வலது கையால் ஒரு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. ("இதுவரைக்கும் என்னத்தத் தூக்குனாரு?" என்றாள் என் மனைவி.) மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். அடுத்த வரி: "தாம்பத்திய உறவு: இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால்..." அங்கே குரல் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பேச்சு வரவில்லை. தாளை நான்காக மடித்தார். "உங்க வீட்ல மாடியே இல்லையே மாப்ள" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உண்மை புரிந்தது. நெஞ்சு என்னிடம்தான் இருக்கிறது, பட்டா வேறு பேர்களில் மாறியிருக்கிறது. உப்பு இலாகா மனைவி. மாத்திரை இலாகா மகள். வெளியுறவு, உள்நாடு, நிதி மூன்றும் மச்சினர். எனக்கென்று விட்டது மூச்சு விடுவது மட்டும். அதையும் ராத்திரியில் தணிக்கை செய்தார்கள். நடுச்சாமத்தில் மூக்குக்குக் கீழே ஒரு விரல் வரும். நான் விழித்தால், "ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்பாள் மனைவி. மூச்சு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. தூக்கம்தான் வரவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். அந்த வாரங்களில் நெஞ்சில் ஒரு கொசு கடித்தால்கூட நானும் அவளும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். டாக்டரிடம் சொன்னபோது, அட்டாக் வந்தவர்களுக்கு இந்தப் பயம் சகஜம், மறைக்காமல் சொன்னதே நல்லது என்றார்.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை என் சட்டைப் பைகள் எல்லாவற்றிலும் மகள் போட்டு வைத்தாள். பை இல்லாத பனியனுக்குக்கூடப் பை தைக்கலாமா என்று யோசனை நடந்தது. சட்டைகளோடு மாத்திரையும் வாஷிங் மெஷினுக்குள் போய்வந்தது. எங்கள் மெஷினுக்கு இனி நெஞ்சுவலி வராது.

எக்கோ ரிப்போர்ட்டில் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 55 சதவீதம் என்று இருந்தது. நூற்றுக்கு 55! வீட்டில் இழவு விழுந்த அமைதி. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மட்டும், "பாஸ்தான் சார். அடுத்த டெஸ்ட்ல எண்பது எடுத்துரலாம்" என்று தைரியம் சொன்னார். இதயத்தில் யாருமே நூறு எடுக்க மாட்டார்கள், ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே இருக்கும் ரத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அது வெளியே தள்ளும், 55 நார்மல் என்று டாக்டர் போனில் விளக்கிய பிறகும் அவர் முழுசாக நம்பவில்லை. அந்த டாக்டர் எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், வயிற்றெரிச்சல். மதுரையில் இருந்துகொண்டு பரோட்டா கிடையாது, சுக்கா கிடையாது, கறிதோசை கிடையாது. அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் ஒரே நாளில் நாடு கடத்தப்பட்டன. உப்பில்லாத ரசத்தை முதல் தடவை வாயில் வைத்தபோது, ஸ்டென்ட் வைக்கும்போது வராத கண்ணீர் வந்தது.

படுத்திருந்த நாட்களில் மகள் போனில் எதையாவது படித்துக் காட்டுவாள். இதயத்துக்குள் குழாயை விடலாம் என்று தன் உடம்பிலேயே செய்து காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மன் இளம் டாக்டர். வருஷம் 1929. மேலதிகாரி கூடாது என்றார். கருவிகள் ஒரு நர்ஸின் பொறுப்பில். உன் மேல்தான் சோதனை என்று நம்ப வைத்து அவரை மேஜையில் கட்டிப் படுக்க வைத்துவிட்டு, தன் கை நரம்பில் குழாயைச் செருகினார் மனுஷன். அப்படியே படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், குழாயை இதயம் வரை தள்ளிப் படமும் எடுத்துக்கொண்டார். 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது.

"அந்த நர்ஸுக்கு என்ன குடுத்தாங்க?" என்றாள் என் மனைவி. போனில் அது இல்லை.

பலூனை விட்டு அடைப்பை விரிக்கும் வைத்தியத்தைக் கொண்டுவந்த ஆன்ட்ரியாஸ் குரூன்ட்சிக், சூரிச்சில் தன் வீட்டு அடுப்படி மேஜையில் வைத்துத்தான் ஆரம்பகாலக் குழாய்களைச் செய்து பார்த்திருக்கிறார். 1977 செப்டம்பர் 16-ல் 38 வயதுக்காரர் ஒருவரின் இதயக் குழாயில் முதன்முதலாக அதைப் பயன்படுத்தினார். "அப்ப, அடைப்பு உண்டாகுறதும் அடுப்படியில, அதை எடுக்குற வழி உண்டானதும் அடுப்படியில" என்றேன். அடுப்படியில் ஒரு பாத்திரம் பலமாகக் கீழே வைக்கப்பட்டது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியத்தோடு வந்தார்கள். மருதம்பட்டைக் கஷாயம். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் வினிகர், தேன் கலந்து ஒரு லேகியம். அதைக் குடித்தால் அடைப்பு கரைந்து வெளியே போய்விடுமாம், எந்த வழியாக என்று சொல்லவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே இரண்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அதற்கு மேல் இதெல்லாம் சேர்ந்தால் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு, என்னைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதால் எல்லாப் பாட்டில்களும் அலமாரியில் நின்றன. ஸ்டென்ட் துருப்பிடிக்குமா என்று ஒருவர் கேட்டார். கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம், துருப்பிடிக்காது என்றேன். லைன்மேன் மூளை உடனே வேலை செய்தது. "மெட்டல்ங்கிறீங்க. இடி மின்னல் நேரத்துல மொட்டைவெளில நிக்காதீங்க மாப்ள."

விலையையும் அவர் விடவில்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்ற சாமான். இப்போதும் விலைக் கட்டுப்பாடு இருக்கிறது என்று சொன்னால் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். "அவ்வளவு சல்லிசாவா? ஐஎஸ்ஐ முத்திரை இருந்துச்சா?" என்றார்.

ஹாலுக்குள் நடந்து, தெருவுக்குள் நடந்து, கடைசியில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்ற அனுமதி கிடைத்தது. விடியற்காலையில் அங்கே எங்கள் சாதி சனம் நிறைய. பேர் கேட்பதற்கு முன்னால் "எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். ஒன்று என்றால் சும்மா தலையாட்டுவார்கள். இரண்டு, மூன்று வைத்தவர்களுக்குப் பேச உரிமை உண்டு. பைபாஸ் செய்தவர் வந்தால் ஸ்டென்ட்காரர்கள் எழுந்து சிமெண்டுப் பெஞ்சில் இடம் விட வேண்டும்.

பி.பி.யைக் காலையும் மாலையும் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பழைய கேஷியர் கை சும்மா இருக்குமா? கோடு போட்டு, தேதி, நேரம், அளவு என்று எழுதி, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். யாருமே வராத காலை: 124/78. தலைமையாசிரியர் வந்து, தன்னோடு வேலை பார்த்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்ன மத்தியானம்: 138/86. மச்சினர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த சாயங்காலம்: 152/94.

அடுத்த செக்கப்பில் டாக்டர் நோட்டைப் புரட்டினார். குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் சாய்ந்து சும்மா உட்கார வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் காபி கூடாது, அளக்கும்போது யாரோடும் பேசக் கூடாது என்றார். பிறகு பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சினரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சீட்டின் அடியில் 'கொஞ்ச நாளைக்குப் பார்வையாளர்கள் வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கரெக்டா சொன்னீங்க டாக்டரம்மா. வர்றவங்க இவரப் பேசியே கொல்றாங்க" என்றார் மச்சினர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், கையில் சீட்டோடு. தலைமையாசிரியரைத் திருப்பி அனுப்பினார். ஆரஞ்சுப் பழத்தோடு வந்த என் பெரியம்மா மகனைத் திருப்பி அனுப்பினார். பழத்தை மட்டும் அனுமதித்தார். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்த என் சொந்தத் தங்கையைக்கூட ஜன்னல் வழியாக என்னைக் காட்டிவிட்டு அனுப்பிவிட்டார். அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் மொச்சைக் குழம்பிலிருந்து தொடங்கி முழுக் கதையும் சொன்னார்.

சாயங்காலம் உள்ளே வந்தார். "பி.பி. பாரும்மா. நான் காவலுக்கு வந்ததுல எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு பாப்போம்."

என் மனைவி பட்டையைக் கட்டினாள். 118/76. குறைந்துதான் இருந்தது. காலையிலிருந்து அவர் வாசலிலேயே இருந்தார் அல்லவா.

"பாத்தீங்களா மாப்ள!" என்று என் தோளில் தட்டினார். "இன்னிக்கே போயிப் பாயும் தலகாணியும் எடுத்தாந்துர்றேன். ராத்திரியும் இனி இங்கதான்."