காயம்பட்ட பெட்டைக்கோழியும் கொல்லைப்புற ஆட்சிமுறையும்: ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் சிவகங்கைப் பக்கத்துக் கொல்லை ஒன்று. கிழக்கே குப்பைமேடு, மேற்கே முருங்கை, தெற்கே நாய் நுழையும் அளவுக்குப் பெயர்ந்த வேலி. ஆய்வுப்பொருள், ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும். அவற்றுள் கருப்பி என்னும் பெட்டையைத் தெருநாய் முதுகில் கவ்வியதில் இறகு பிய்ந்து தோல் கிழிந்தது, ஆய்வு தொடங்கிற்று. நெறியாளர் அப்பத்தா. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆயினும் இத்துறையில் அவர் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது.

முன்னோர் ஆய்வுகளைச் சுட்டுவது மரபு. நார்வே நாட்டுத் தொர்லைஃப் ஷெல்டரப்-எப்பே சிறுவனாக இருந்தபோதே கோழிகளின் பின்னால் திரிந்து குறிப்பெடுத்தவர். நம் ஊர்ப் பிள்ளை என்றால் முதுகில் இரண்டு விழுந்திருக்கும். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு என்று 1922-ல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார். முதல் இடத்துக்காரி எல்லோரையும் கொத்துவாள். கடைசி இடத்துக்காரியை எல்லோரும் கொத்துவார்கள். இதை விளக்கியபோது நெறியாளர் கூறிய கருத்து: “இதுக்கா அந்த மனுசன் கோழி பின்னாடி அலைஞ்சாரு? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தா ஒரே பந்தியில தெரிஞ்சிருக்குமே.”

கோழிக்குச் சிவப்பு என்றால் பித்து. ரத்தம் ஒரு சொட்டுத் தெரிந்தால் ஒருத்தி கொத்துவாள், மற்றவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நாய் விட்ட குறையைச் சொந்தக்காரிகள் முடித்துவைப்பார்கள். மேலைநாட்டார் இதற்குக் கோழிக்கே கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள். கொத்திலிருந்து கோழியின் கண்ணைக் காக்கும் கண்ணாடிக்கு 1903-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் பெயர் ஆண்ட்ரூ ஜாக்சன் (குடியரசுத் தலைவராக இருந்தவர் வேறு). பின்னாளில் வந்தது சிவப்புக் கண்ணாடி. உலகமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தனியாகத் தெரியாது என்பது அதன் தத்துவம். நம் கொல்லைக்கும் ஐந்து ஜோடி செய்யலாம் என்ற முன்மொழிவுக்கு நெறியாளர் நிதி ஒதுக்க மறுத்துவிட்டார். எனவே கருப்பி பஞ்சாரத்துக்குள் கவிழ்க்கப்பட்டாள்.

சிகிச்சை முறை வருமாறு. காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து, வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பூச வேண்டும். தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று பதறுவது புதியவர்களின் வழக்கம். நலமாக உள்ள கோழிக்கே உடல்வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் இருக்கும். நாயைவிடப் பொல்லாதது ஈ. கண் அயர்ந்தால் காயத்தில் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். அதற்குச் சீத்தா இலையை அரைத்து வைப்பார்கள், அல்லது தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து விடுவார்கள். ஜென்சியன் வயலட் என்னும் ஊதா மருந்துக்குக் கிருமியைக் கொல்வதோடு, சிவப்பை மறைத்துக் கொத்துகளைக் குறைக்கும் அரசியல் பயனும் உண்டு. ஆழமான காயத்துக்குக் கால்நடை மருத்துவர்தான். அதில் நெறியாளருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

மாற்றுக்கருத்து வேறிடத்திலிருந்து வந்தது. சனிக்கிழமை வந்திறங்கிய சித்தப்பா குழம்புக் கோட்பாட்டின் முதன்மைச் சிந்தனையாளர். “ஆத்தா, அது கெடந்து சாகுறதுக்குள்ள மொளகு அரைச்சு வச்சிருவோமே.”

“முட்ட போடுற கோழிடா. கைய வச்சே, வெளக்கமாறு பிஞ்சிரும்.”

மறுப்புரை இவ்வளவே. கோட்பாடு அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அறிஞர்கள் பலரும் கோட்டைவிடும் இடம் இனிதான் வருகிறது. புண் ஆறிவிடும்; பதவி திரும்பாது. கருப்பி இக்கொல்லையின் இரண்டாம் இடத்துக்காரி. கண்காணாத அறையில் வைத்து வைத்தியம் பார்த்திருந்தால், திரும்பி வரும் நாளில் அவளை வேற்றூர்க்காரி என்றே மற்றவர்கள் அடித்துத் துரத்தியிருப்பார்கள். அதனால்தான் பஞ்சாரம் நடுக்கொல்லையில் இருந்தது. அதைச் சுற்றியே நொய் இறைக்கப்பட்டது. பஞ்சாரத்து இடுக்கு வழியே வசவுகள் பரிமாறப்பட்டன, உறவு அறுபடவில்லை. ஒற்றையாகத் திரும்புகிறவளுக்கு எல்லாக் கொத்தும் விழும் என்று, சாதுவான வெடைக்கோழி ஒன்றும் கடைசி நாட்களில் உள்ளே துணைக்கு விடப்பட்டது.

விடுதலை பொழுது சாய்ந்த பிறகே நடந்தது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. கூட்டில் பக்கத்தில் வந்து ஒண்டியவள் யாரென்று விசாரிக்க அதற்கு வழியில்லை. விடிந்ததும் விசாரித்தார்கள். தீனி இரண்டு இடத்தில் வைக்கப்பட்டிருந்தும் கருப்பி தின்றதைவிட ஓடியது அதிகம். இரண்டாம் இடம் செவலை என்னும் பெட்டைக்குப் போய்விட்டிருந்தது. சேவல் நடுநிலை வகித்தது, அதாவது ஒன்றும் செய்யவில்லை.

சில நாள் கழித்து அந்தியில், பஞ்சாரத்தில் தனக்குத் துணையிருந்த அதே வெடைக்கோழியின் உச்சந்தலையில் கருப்பி ஓங்கி ஒரு கொத்து வைத்தாள். “தேறிட்டா” என்று நெறியாளர் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார். சித்தப்பா இப்போது வெடைக்கோழியின் எடையை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.