பீலித் தண்ணிக்கு பில்லு ஏது?

ஏன்டா தம்பி, பதுளை பஸ் ஸ்டாண்டு நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு பேருக்கும் என்ன சண்டை? உன்னுது ஐபோனாம். அவனுது ஆண்ட்ராய்டாம். அதனால நீ தொரை, அவன் கூலியோ? லயத்துக் கூரை ஒழுகுது, ஒனக்குப் போனுக்கு மட்டும் மூணு கவர்!

உள்ளுக்க என்ன கெடக்குன்னு தெரியுமா? பேத்தி பசறை ரோட்டு ஊவா வெல்லஸ்ஸ கம்பஸ்ல படிக்கிறா. அவதான் புட்டுப் புட்டு வச்சா.

உன் ஐபோனுக்கு அடியில ஒரு பங்கு, கலிபோர்னியாவுல பெர்க்லி கம்பஸ் பொடியன்மார் எழுதினதாம். பில் ஜோய்னு ஒருத்தன் 1978ல அதை பிஎஸ்டிங்கிற பேர்ல டேப்புல பதிஞ்சு அனுப்ப ஆரம்பிச்சான். 1983ல வந்த 4.2 பிஎஸ்டியில டிசிபி/ஐபியும் சேர்ந்துச்சு. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற பாஷை. ஆனா அடியில ஏடி அண்ட் டி கம்பனி சரக்கும் கெடந்துச்சே, லைசென்சு இல்லாம தொட ஏலுமா? 1989ல நெட்வொர்க் பகுதியை மட்டும் தனியா பிரிச்சு, நம்ம பீலித் தண்ணி மாதிரி தொறந்து விட்டுட்டாங்க. எவனும் புடிக்கலாம், எவனுக்கும் குடுக்கலாம். எங்க பேரை மட்டும் அழிக்காதேன்னாங்க. கேட்டது அம்புட்டுத்தான்!

அவன் ஆண்ட்ராய்டு மட்டும் வானத்துல இருந்து விழுந்துச்சா? அதுக்கு அடியில லினக்ஸ். 1991ல ஹெல்சிங்கி கம்பஸ்ல படிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினது. வயசு 21. மறுவருசமே டானன்பாம்ங்கிற பெரிய பேராசிரியரு, இது காலாவதியான சங்கதின்னுட்டாரு. படிச்ச மனுசன்தான், என்ன செய்ய?

நம்ம நாட்டுலயும் ஆள் இருந்துச்சுடா. 1990 வாக்குல மொறட்டுவையில அபய இந்துருவ பேராசிரியர், டெலிபோன் கம்பியிலயே கம்பஸுகளுக்கு மெயில் ஓட விட்டாரு. 2004 சுனாமியில சனம் சிதறிக் கெடந்தப்ப, லங்கா சொப்ட்வெயார் ஃபவுண்டேஷன் முன்ன நிக்க, கூடி உக்காந்து சஹானாங்கிற சொப்ட்வெயாரை எழுதினாங்க. காணாமப் போனது யாரு, எந்த முகாமுக்கு என்ன வேணும்னு பாக்குறதுக்கு. அடுத்த வருசம் பாகிஸ்தான் பூமி அதிர்ச்சிக்கும் அதுவே போச்சு. சும்மாத்தான் குடுத்தாங்க. பேனர் கட்டினாங்களா? கட்அவுட் வச்சாங்களா?

நீ என்னடான்னா, அந்த லினக்ஸைப் படிக்க ஏதோ ஒரு கிளாஸுல காசைக் கொட்டி, கழுத்துல பட்டி மாட்டிக்கிட்டுத் திரியிற. சரி, போகட்டும். அதுக்கு ஒங்கம்மா அடகு வச்ச தோட்டை எப்படா மீட்கப் போற?